பழி தீர்ந்தால் துயர் தீருமா?

ஒரே இரவில் ஒரு குடும்பம் முழுவதும் கொல்லப்படுகிறது. ஒருத்தி மட்டும் உயிர் பிழைக்கிறாள். காயம் ஆறியதும் அவள் கொலையாளியைத் தேடிப் புறப்படுகிறாள். ஊர் ஊராக அலைகிறாள்; தடயங்களைச் சேர்க்கிறாள்; இறுதியில் அவனை நேருக்கு நேர் சந்திக்கிறாள். பல மொழிகளில் திகில் நாவல்களாகவும் திரைப்படங்களாகவும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இது. காண்போர் மூச்சை அடக்கிக் காத்திருப்பது ஒரே ஒரு கணத்திற்காகத்தான். அவள் கையில் ஆயுதம் இருக்கிறது. அவன் அவள் காலடியில் கிடக்கிறான். அந்தக் கணத்தில் அரங்கம் முழுவதும் அவள் பக்கம் நிற்கிறது.

1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘ஷோலே’ என்னும் இந்தித் திரைப்படத்தின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. காவல்துறை அதிகாரியாக இருந்த தாக்கூர் பல்தேவ் சிங்கின் குடும்பத்தைக் கொள்ளைக்காரன் கப்பர் சிங் அழித்துவிடுகிறான். முதலில் படமாக்கப்பட்ட முடிவில் தாக்கூர் கப்பரைத் தாமே கொன்றுவிடுகிறார். தணிக்கைக் குழு அதை ஏற்கவில்லை. சட்டத்தைக் காத்து நின்றவர் சட்டத்தைத் தம் கையில் எடுத்துக்கொள்வதாகக் காட்டக் கூடாது என்பது அதன் கருத்து. ஆகவே, கடைசி நேரத்தில் காவலர்கள் வந்து கப்பரைக் கைது செய்வதாக முடிவு மாற்றப்பட்டது. எந்த முடிவு சரியானது என்று ரசிகர்கள் பல்லாண்டுகளாக விவாதித்து வந்திருக்கிறார்கள்.

இந்த விவாதத்தின் உள்ளே தொன்மையான ஒரு தர்மக் கேள்வி மறைந்திருக்கிறது. அன்புக்குரியவர்களைக் கொன்றவனைக் கொல்வது, இறந்தவர்களுக்கு உயிரோடிருப்பவர் செலுத்த வேண்டிய கடனா? அந்தக் கடன் தீர்ந்தால் துயரமும் தீர்ந்துவிடுமா?

இக்கேள்விக்கு, ‘மன்னித்துவிடு’ என்று எளிதாக விடை கூறிவிடுதல் ஆகாது. தன் குழந்தைகளை இழந்து நிற்கும் ஒரு தாயிடம், எதையும் இழக்காத ஒருவர் மன்னிப்பைப் பற்றி உபதேசம் செய்தால் அது உபதேசமாகாது. அவள் புண்ணில் இன்னொரு குத்தாகவே அமையும். நம் முன்னோர்கள் இதை அறிந்திருந்தனர். அதனால்தான் இக்கேள்வியை அவர்கள் வெறும் நீதிமொழியாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. எல்லாவற்றையும் இழந்த ஒரு பெண்ணின் முன்னால் இதை வைத்தனர். அவள் திரௌபதி.

நள்ளிரவில் நடந்தது

மகாபாரதத்தின் பதினெட்டுப் பருவங்களில் பத்தாவது சௌப்திக பருவம். ‘சௌப்திகம்’ என்ற சொல் உறங்குவோரைக் குறித்தது. பதினெட்டு நாள் போர் முடிந்துவிட்டது. துரியோதனன் தொடை முறிந்து கிடக்கிறான். கௌரவர் பக்கத்தில் எஞ்சியவர்கள் மூவர்: அசுவத்தாமன், கிருபர், கிருதவர்மன். மூவரும் காட்டில் ஓர் ஆலமரத்தடியில் தங்குகின்றனர். களைப்பினால் மற்ற இருவரும் உறங்கிவிட, அசுவத்தாமன் மட்டும் விழித்திருக்கிறான். அம்மரத்தில் கூடு கட்டி உறங்கிக்கொண்டிருந்த காகங்களை ஒரு கோட்டான் ஓசையின்றி வந்து கொன்று குவிப்பதை அவன் காண்கிறான். அதுவே அவனுக்கு அன்றைய பாடமாகிறது.

அவன் எழுப்பியதும் கிருபர் அவனுடைய எண்ணத்தைக் கேட்டு நடுங்குகிறார். உறங்குபவர்களையும் ஆயுதம் இழந்தவர்களையும் கொல்வது அதர்மம் என்கிறார். ‘இன்றிரவு உறங்கு, விடிந்ததும் பெரியவர்களைக் கலந்துகொள்வோம்’ என்று வழி சொல்கிறார். அதற்கு அசுவத்தாமன் தரும் விடை கூர்ந்து நோக்கத்தக்கது. துயருற்றவனுக்கும் சினமுற்றவனுக்கும் உறக்கம் ஏது என்று கேட்கிறான். தந்தையைக் கொன்றவர்களை உறக்கத்திலேயே கொன்ற பாவத்தால் அடுத்த பிறவியில் தான் புழுவாகவோ பூச்சியாகவோ பிறக்க நேர்ந்தாலும் சம்மதமே என்கிறான்.

பழியுணர்ச்சியின் முழு உருவமும் இவ்விடையில் தெரிகிறது. தான் செய்யப்போவது தவறு என்பது அவனுக்குத் தெரியும். அதன் பயனும் தெரியும். தெரிந்தும் அவன் நிற்கவில்லை. அறியாமையால் செய்யப்படும் தீமைக்கு அறிவு மருந்தாகும். அறிந்தே செய்யப்படும் தீமைக்கு அறிவுரை மட்டும் மருந்தாவதில்லை.

அன்றிரவு பாண்டவர் பாசறையில் திருஷ்டத்யும்னனும் சிகண்டியும் கொல்லப்பட்டனர். திரௌபதியின் மைந்தர்கள் ஐவரும் கொல்லப்பட்டனர். வாயிலில் நின்ற கிருபரும் கிருதவர்மனும் தப்பி ஓடியவர்களை வெட்டி வீழ்த்தினர். பாசறைக்குத் தீ மூட்டினர். கண்ணபிரான் அழைத்துச் சென்றதால் பாண்டவர் ஐவரும் சாத்யகியும் வேறிடத்தில் தங்கியிருந்து உயிர் பிழைத்தனர். செய்தியைக் கேட்ட துரியோதனன் மகிழ்ந்து உயிர் விட்டான். அந்த மகிழ்ச்சி சில கணங்களே நீடித்தது. தண்டித்தவர் பெறும் இன்பத்தின் அளவை ஒரே நாள் என்று திருவள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தில் கணக்கிட்டார். அசுவத்தாமனுக்கோ அந்த ஒரு நாளும் முழுமையாகக் கிட்டவில்லை.

தீ மூட்டியவர் யார்?

அசுவத்தாமனைக் கொடியவன் என்று கூறி நிறுத்திவிட்டால் இதிகாசத்தின் பாடம் பாதியிலேயே நின்றுவிடும். அவனும் தன் தந்தையைக் கொன்றவனைத் தேடி வந்த மகன்தான். ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்ற சொல்லைக் கேட்டு ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு யோகத்தில் அமர்ந்த துரோணரைத் திருஷ்டத்யும்னன் வாளால் வெட்டினான். திருஷ்டத்யும்னனோ, துரோணரைக் கொல்வதற்கென்றே துருபதன் செய்த வேள்வியில் தோன்றியவன். துருபதன் அவ்வேள்வியைச் செய்யக் காரணம், துரோணர் தம் சீடர்களைக் கொண்டு அவனைக் கட்டி இழுத்துவரச் செய்து, பாதி நாட்டைப் பறித்துக்கொண்டது. துரோணர் அவ்வாறு செய்யக் காரணம், பழைய நண்பரான அவரை ஏழை என்பதற்காகத் துருபதன் அவையில் இகழ்ந்தது.

ஓர் அவமதிப்பில் தொடங்கியது. பாதி நாட்டைப் பறிப்பதாக வளர்ந்தது. ஒரு தந்தையின் கொலையாக மூண்டது. உறங்கும் இளைஞர்களின் இரத்தத்தில் வந்து நின்றது. இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் நின்றவன், ‘என்னோடு கணக்குச் சரியாகிவிட்டது’ என்றே எண்ணினான். ஆனால், ஒருவன் தீர்த்த கணக்கே அடுத்தவனுக்குப் புதிய கடனாக எழுதப்பட்டது. பழி தீர்ப்பதில் கடைசி ஆள் என்று எவரும் இல்லை. ஒவ்வொருவரும் தம்மையே கடைசி ஆளாக நினைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

துருபதனின் அந்த வேள்வியிலிருந்து திருஷ்டத்யும்னனோடு திரௌபதியும் தோன்றினாள் என்பதை மறந்துவிடலாகாது. பழிக்காக மூட்டப்பட்ட நெருப்பிலிருந்து வந்தவள் அவள். அந்த நெருப்பு சுற்றிச் சுற்றி வந்து, இறுதியில் அவள் பெற்ற பிள்ளைகளையே எரித்தது.

மனம் யாரை நினைக்கிறது?

பழி வாங்கத் துடிப்பவர் ஒரு நம்பிக்கையோடு இருக்கிறார்: ‘இறந்தவர்களை நான் மறக்கவில்லை, அவர்களுக்காகவே இதைச் செய்கிறேன்.’ இந்த நம்பிக்கை எவ்வளவு உண்மை என்பதை ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் மனம் வீழ்ச்சியுறும் படிகளை பகவான் வரிசையாகக் காட்டுகிறார். விஷயங்களை எண்ணுவதால் பற்று; பற்றினால் ஆசை; ஆசையினால் சினம்; சினத்தினால் மயக்கம்; மயக்கத்தினால் நினைவு தவறுதல்; அதனால் புத்தி நாசம். சினத்திற்குப் பின் வரும் இழப்புகளில் ஒன்றாக நினைவு இழப்பைக் கூறியிருப்பது சிந்திக்கத்தக்கது. சினம் நினைவைக் காப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் அது நினைவை அழிக்கிறது.

எவ்வாறு? கொலையாளியைத் தேடி அலையும் ஒருவரின் மனத்தில் இரவும் பகலும் எந்த முகம் நிற்கிறது? இறந்துபோன குழந்தையின் முகமா, கொன்றவனின் முகமா? அவன் எங்கே உண்கிறான், எங்கே உறங்குகிறான், எந்த வழியாக வருவான் என்றே மனம் எண்ணிக்கொண்டிருக்கிறது. குழந்தையின் மழலையும் சிரிப்பும் மெல்ல மெல்லத் தேய்ந்து, இறந்த விதம் மட்டும் எஞ்சுகிறது. அன்புக்குரியவர் இருந்த இடத்தில் பகைவன் குடியேறிவிடுகிறான். ஒருமுறை அவன் அவர்களைக் கொன்றான். பழியுணர்ச்சி அவர்களை நினைவிலிருந்தும் அப்புறப்படுத்துகிறது.

நம் சாத்திரங்களில் ‘குளவியும் புழுவும்’ என்றொரு நியாயம் உண்டு. குளவியின் கூட்டில் அடைபட்ட புழு, அச்சத்தினால் இடைவிடாமல் குளவியையே நினைத்து, இறுதியில் குளவியாகவே ஆகிவிடுகிறது என்பர். எதை இடைவிடாது எண்ணுகிறாயோ அதுவாகவே ஆவாய் என்பது கருத்து. பக்திக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் இந்நியாயம் பகைக்கும் பொருந்தும். அன்பினால் நினைத்தாலும் வெறுப்பினால் நினைத்தாலும் மனம் நினைத்ததன் வடிவையே கொள்கிறது. கொலையாளியையே தியானிப்பவர் கொலையாளியின் உருவத்தை அடைகிறார். திகில் கதைகளின் இறுதிக் காட்சியில் துரத்தியவளின் முகமும் துரத்தப்பட்டவனின் முகமும் ஒன்றுபோலத் தோன்றுவது இதனால்தான்.

துரத்தலின் விலை

செய்தி கேட்டுத் திரௌபதி வந்தாள். காற்றில் முறிந்த வாழைபோல் அவள் சரிந்து விழ, பீமன் தாங்கிக்கொண்டான். அவள் தருமரிடம் கடுஞ்சொற்கள் கூறினாள். ‘அசுவத்தாமனைக் கொன்று, பிறவியிலேயே அவன் தலையில் அமைந்த மணியைக் கொண்டுவந்தால் உயிர் வாழ்வேன், இல்லையேல் உண்ணாமல் இங்கேயே உயிர் துறப்பேன்’ என்று உறுதி பூண்டு அமர்ந்தாள். வியாசர் அவளுடைய இந்தச் சினத்தை மறைக்கவில்லை, இகழவும் இல்லை. ஐந்து பிள்ளைகளை இழந்த தாய்க்கு அந்தச் சினம் இயற்கையானது என்பதை ஏற்றுக்கொண்டே கதையை நடத்திச் செல்கிறார்.

பீமன் புறப்பட்டான். நேரப்போகும் ஆபத்தை உணர்ந்த கண்ணபிரான், தருமரையும் அர்ச்சுனனையும் உடன் அழைத்துக்கொண்டு பின்தொடர்ந்தார். கங்கைக் கரையில் வியாசரின் அருகே அமர்ந்திருந்த அசுவத்தாமன், பீமனைக் கண்டதும் ஒரு புல்லை எடுத்து மந்திரித்து, பாண்டவரை வேரோடு அழிக்கும் எண்ணத்துடன் பிரம்மசிரம் என்னும் அஸ்திரத்தை ஏவினான். அதை அடக்க அர்ச்சுனனும் அதே அஸ்திரத்தை ஏவ நேர்ந்தது. இவ்வஸ்திரம் இன்னோர் அஸ்திரத்தால் தடுக்கப்படும் நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் மழை பெய்யாது என்பது விதி. உலகம் வெந்துவிடாமல் இருக்க, வியாசரும் நாரதரும் இரு தீப்பிழம்புகளுக்கும் நடுவே வந்து நின்றனர்.

அர்ச்சுனன் தன் அஸ்திரத்தைத் திரும்ப அழைத்துக்கொண்டான். அசுவத்தாமனால் அது இயலவில்லை. பிரம்மசரியமும் விரதமும் காத்தவனுக்கே அதைத் திரும்பப் பெறும் ஆற்றல் உண்டு. ஏவுவதற்கு வலிமை போதும். திரும்பப் பெறுவதற்குத் தவம் வேண்டும். சினத்திற்கும் இது பொருந்தும். சினத்தை ஏவ யாராலும் முடியும். ஏவிய சினத்தை நடுவழியில் மீட்டுக்கொள்வதே ஆண்மை.

மீட்க முடியாத அஸ்திரத்தை அசுவத்தாமன் பாண்டவ குலப் பெண்களின் கருவை நோக்கித் திருப்பினான். அபிமன்யுவின் மனைவி உத்தரையின் வயிற்றில் இருந்த சிசு, குலத்தில் எஞ்சிய ஒரே வித்து. பழிக்காகத் துரத்திச் சென்றதன் விளைவு, இறந்த பிள்ளைகள் திரும்பவில்லை. இன்னும் பிறக்காத பிள்ளைக்கும் ஆபத்து வந்தது. கண்ணபிரானின் அருளால் மட்டுமே அக்குழந்தை உயிர் பெற்றது.

இறந்தவர்களுக்குச் செலுத்தும் கடனைப் பற்றிப் பேசும்போது மனிதன் மறந்துவிடுவது இதைத்தான். உயிர் பிழைத்தவருக்கு இன்னொரு கடனும் இருக்கிறது; அது எஞ்சியிருக்கும் உயிர்களுக்குச் செலுத்த வேண்டியது. பழியின் பின்னால் ஓடுபவரின் முதுகுப்பக்கத்தில் அந்த உயிர்கள் காப்பாரின்றி நிற்கின்றன.

தாயின் சொல்

இறுதியில் அசுவத்தாமன் தன் தலைமணியைக் கொடுத்தான். மூவாயிரம் ஆண்டுகள் துணையின்றி, நோயோடு அலையும்படி சபிக்கப்பட்டான். பீமன் மணியைக் கொண்டுவந்து திரௌபதியிடம் தந்து, அவனை உயிரோடு விட்டுவிட்டதைச் சொன்னான். உயிரைக் கேட்டவள் என்ன சொன்னாள்? தன் கடன் தீர்ந்ததே போதும் என்றாள். ஆசானின் மகன் தனக்கும் ஆசானுக்கு நிகரானவன் என்றாள். மணியை அரசர் சூடட்டும் என்று கூறி உண்ணாநோன்பை விட்டு எழுந்தாள்.

ஸ்ரீமத் பாகவதம் இந்நிகழ்ச்சியை வேறு விதமாகக் கூறுகிறது. அங்கே அர்ச்சுனன் அசுவத்தாமனை விலங்கைப்போல் கயிற்றால் கட்டி இழுத்துவந்து திரௌபதியின் முன் நிறுத்துகிறான். திகில் கதையில் அரங்கம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் அதே கணம்! கொன்றவன் காலடியில் கிடக்கிறான். கொல்லத் தயாராகக் கணவர்கள் நிற்கிறார்கள். கொலை வேண்டும் என்று பீமன் முழங்குகிறான். அவள் ஒரு சொல் சொன்னால் போதும்.

அவள் சொன்னாள், ‘இவனை விடுங்கள்.’ அதற்கு அவள் கூறிய காரணங்களில் ஒன்று காலத்தை வென்று நிற்கிறது. இவனுடைய தாய் கிருபி உயிரோடு இருக்கிறாள். பிள்ளைகளை இழந்து தான் அழுவதுபோல் அவளும் அழ வேண்டாம் என்றாள்.

இது மிக நுட்பமான இடம். தன் துயரத்தை மறந்துவிட்டதனால் அவள் இரங்கவில்லை. குற்றம் சிறியது என்று கருதியும் இரங்கவில்லை. துயரம் எவ்வளவு பெரியது என்பதை முழுமையாக அறிந்ததனால்தான் இரங்கினாள். பிள்ளையை இழந்த தாயின் வேதனை எப்படிப்பட்டது என்று அந்தப் பாசறையில் அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்? அந்த அறிவு ஒரு மனிதனை இரண்டு வழிகளில் செலுத்தக்கூடும். ‘நான் அழுததுபோல் அவளும் அழட்டும்’ என்பது ஒரு வழி. ‘நான் அழுவதுபோல் இனி எவளும் அழ வேண்டாம்’ என்பது மற்றொரு வழி. இரண்டும் ஒரே கண்ணீரிலிருந்து பிறக்கின்றன. முதல் வழிக்குப் பழி என்று பெயர். இரண்டாம் வழிக்குக் கருணை என்று பெயர். பழியும் கருணையும் வெகு தொலைவில் உள்ள இரு நாடுகள் அல்ல. ஒரே வீட்டின் இரு வாசல்கள்.

மன்னிப்பும் தண்டனையும்

அப்படியானால் குற்றவாளிக்குத் தண்டனையே கூடாதா? இதிகாசமும் புராணமும் அவ்வாறு கூறவில்லை. பாகவதத்தில் கண்ணபிரான் அர்ச்சுனனை ஓர் இக்கட்டில் நிறுத்துகிறார். கொடுமை இழைத்தவனைத் தண்டித்தே ஆக வேண்டும். இவனைக் கொல்லவும் கூடாது. இரண்டையும் நிறைவேற்று என்கிறார். அர்ச்சுனன் அசுவத்தாமனின் மணியை முடியோடு அறுத்தெடுத்து, ஒளியிழந்த அவனைப் பாசறையிலிருந்து துரத்தினான். உயிர் எஞ்சியது, ஆற்றலும் பெருமையும் பறிக்கப்பட்டன.  குற்றம் குற்றம்தான் என்பது எல்லோர் முன்னும் உறுதியாயிற்று.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய பாம்பின் கதை பலரும் அறிந்தது. யாரையும் கடிக்காதே என்ற உபதேசத்தை ஏற்ற பாம்பைச் சிறுவர்கள் அடித்துக் குற்றுயிராக்கிவிட்டனர். திரும்பி வந்த சாது, கடிக்காதே என்றேனே தவிரச் சீறாதே என்று சொல்லவில்லையே என்று கேட்டார். சமுதாயத்தில் சட்டமும் நீதிமன்றமும் செய்யும் வேலை இந்தச் சீற்றமே. தீயவனை அச்சுறுத்தித் தடுப்பதும் மற்றவரைக் காப்பதும் அரசின் தர்மம். நஞ்சை உள்ளத்தில் ஏற்றிக்கொள்ளாதிருப்பது தனிமனிதனின் தர்மம். முன்னதை விட்டுவிட்டால் சமுதாயம் அழியும். பின்னதை விட்டுவிட்டால் உள்ளம் அழியும்.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் நிற்க முடியும் என்பதற்கு அண்மைக்கால இந்தியாவிலேயே சான்று உண்டு. ஒரிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்குப் பணி செய்துவந்த ஆஸ்திரேலியரான கிரஹாம் ஸ்டெயின்ஸ், 1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு மனோகர்பூர் கிராமத்தில் தம் வண்டியில் உறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு கும்பலால் எரித்துக் கொல்லப்பட்டார். உடன் உறங்கிய பத்து வயதும் ஆறு வயதுமான அவருடைய இரு மகன்களும் மாண்டனர். உறங்கும் குழந்தைகளைக் கொன்ற சௌப்திகப் பாதகம் நம் காலத்திலும் நிகழ்ந்தது, நாடே தலைகுனிந்தது. அவருடைய மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். எஞ்சிய மகளுடன் ஒரிசாவிலேயே தங்கித் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். 2004இல்தான் தம் நாட்டுக்குத் திரும்பினார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. இதனிடையே சட்டமும் தன் வழியே நடந்தது. 2003இல் விசாரணை நீதிமன்றம் குற்றவாளிகளுக்குத் தண்டனை விதித்தது. முதன்மைக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2005இல் உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவருடைய மன்னிப்பு நீதியைத் தடுக்கவில்லை. நீதி நடப்பதற்காக அவர் வெறுப்பைச் சுமக்கவும் வேண்டியிருக்கவில்லை.

சினத்தை எங்கே வைப்பது?

சட்டம் எப்போதும் விரைந்து வருவதில்லை. சில வேளைகளில் வருவதே இல்லை. அப்போது பாதிக்கப்பட்டவரின் உள்ளத்தில் எழும் நெருப்பை என்ன செய்வது? அடக்கினால் அது தன்னை எரிக்கும். வெளியே விட்டால் உலகை எரிக்கும். ஆதி பருவத்தில் வரும் ஔர்வ முனிவரின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

பிருகு குலத்தவரை க்ஷத்திரியர்கள் கொன்றழித்தனர். கருவிலிருந்த சிசுக்களையும் விடவில்லை. ஒரு தாய் தன் தொடையில் மறைத்துக் காத்த குழந்தையே ஔர்வர். குலத்தில் பிழைத்தவரான அவர், உலகையே அழிக்கும் சினத்தோடு தவம் செய்யத் தொடங்கினார். அப்போது அவரைத் தடுக்க வந்தவர்கள் யார்? தேவர்கள் அல்லர். அவருடைய பித்ருக்களே, இறந்துபோன முன்னோர்களே, அவர்முன் தோன்றி, இந்தச் சினத்தை விட்டுவிடும்படி வேண்டினர். யாருக்காகப் பழி வாங்கப் புறப்பட்டாரோ அவர்களே ‘வேண்டாம்’ என்றனர். இறந்தவர்கள் பழியைக் கேட்பதில்லை என்ற பேருண்மையை இதைவிடத் தெளிவாக எப்படிக் கூற முடியும்?

‘என் சினம் பொய்க்காது; தடுத்தால் அது என்னையே எரிக்கும்’ என்றார் ஔர்வர். அவர் கூறியதிலும் நியாயம் இருந்தது. அதனால் பித்ருக்கள் சினத்தைக் கொன்றுவிடு என்று கூறவில்லை. அதைக் கடலில் விட்டுவிடு என்றனர். அவர் விட்ட அத்தீ, குதிரை முகத்தோடு கடலுக்குள் இருந்து நீரைப் பருகும் வடவைத்தீ ஆயிற்று. சினத்தைத் தாங்கக்கூடிய அளவு பெரிதான ஒன்றிடம் அதை ஒப்படைத்துவிட வேண்டும் என்பதே இதன் உட்பொருள். இறைவனும் சேவையும் அத்தகைய கடல்கள். மகனை விபத்தில் இழந்த தந்தை சாலைப் பாதுகாப்புக்காக உழைப்பதும், மகளை வன்முறைக்குப் பறிகொடுத்த தாய் வேறு பெண்களுக்குத் துணை நிற்பதும் கடலில் விடப்பட்ட தீயே. அது அணையவில்லை, ஆனால், யாரையும் எரிக்கவும் இல்லை.

இவ்வரலாற்றைக் கேட்டவர் பராசரர். தாம் பிறக்கும் முன்பே தந்தை சக்தியை ஓர் அரக்கனுக்குப் பலி கொடுத்தவர் அவர். சினத்தால் உலகையே அழிக்க முனைந்த பேரனுக்குப் பாட்டனார் வசிஷ்டர் இக்கதையைச் சொன்னார். உலகை விட்டுவிட்ட பராசரர், அரக்கர் குலத்தை அழிக்க மட்டும் வேள்வி தொடங்கினார். பின்னர் புலஸ்தியர் வந்து வேண்ட, அதையும் நிறுத்தினார். சினத்தை விட்டதற்காகப் புலஸ்தியர் அவரை வாழ்த்தினார்; அந்த வாழ்த்தின் பயனாகவே விஷ்ணு புராணம் பிறந்தது என்பர். அவருடைய மகனே வியாசர். இரு அஸ்திரங்களுக்கு நடுவே வியாசர் வந்து நின்றார் என்றால், அந்தத் துணிவு அவருக்குத் தந்தை வழியில் வந்த செல்வம்.

இல்லத்திற்குள் நடக்கும் போர்

இறையருளால் பெரும்பாலோரின் வாழ்வில் கொலையாளிகள் குறுக்கிடுவதில்லை. ஆனால், பழியுணர்ச்சி குறுக்கிடாத இல்லம் அரிது. பாகப் பிரிவினையில் நேர்ந்த அநீதிக்காகப் பல ஆண்டுகள் முகம் பாராத சகோதரர்கள் இருக்கிறார்கள். ஒரு சொல்லுக்காக உறவை அறுத்துக்கொண்டு, அதே சொல்லைத் தம் பிள்ளைகளுக்கும் சொத்தாக எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அநீதி உண்மையானதாகவே இருக்கலாம். அதற்கு முறைப்படி பரிகாரம் தேடுவதில் தவறில்லை. எனினும், தன்னிடம் ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மனம் நாள்தோறும் நினைப்பது இழந்ததையா, இழக்கச் செய்தவரையா? இரண்டாவது என்றால் அந்த மனிதர் இப்போதும் தம்மிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டிருக்கிறார் என்று உணர வேண்டும். நாள்தோறும் பூஜை வேளையில் அந்தப் பெயரைக் கடலில் விடுவதுபோல் இறைவனிடம் விட்டுவிடப் பழகலாம். ஒரே நாளில் அது நடந்துவிடாது. மீண்டும் மீண்டும் விடுவதே சாதனை.

உத்தரையின் வயிற்றில் பிழைத்த அந்தக் குழந்தையின் பிற்கால வாழ்க்கை இங்கே நினைவுக்கு வருகிறது. குலம் தேய்ந்த காலத்தில் பிறந்ததால் பரீட்சித்து என்று பெயர் பெற்ற அம்மன்னருக்கு, ஏழாம் நாள் தட்சகன் என்னும் பாம்பு தீண்டி மரணம் நேரும் என்று சாபம் வந்தது. தம்மைக் கொல்லப்போவது யார் என்பதும், எந்த நாளில் என்பதும் அவருக்கு முன்கூட்டியே தெரியும். பாகவதம் காட்டும் பரீட்சித்து தட்சகனைத் தேடிப் படை அனுப்பவில்லை; சாபமிட்ட சிறுவனைத் தண்டிக்கவும் இல்லை. கங்கைக் கரையில் அமர்ந்து, சுகமுனிவரின் வாயிலாக ஏழு நாட்களும் இறைவனின் கதையைக் கேட்டார். அவருடைய மகன் ஜனமேஜயனோ தந்தைக்காகப் பழி தீர்க்கப் பாம்பு வேள்வி செய்தான். எண்ணற்ற பாம்புகள் அதில் வெந்தன. நாக குலத் தாய்க்கும் முனிவருக்கும் பிறந்த ஆஸ்திகர் வந்து வேண்டிய பிறகே அத்தீ அணைந்தது.

ஒரே குலத்தில் தந்தையும் மகனும் ஒரே மரணத்தை இரு விதமாக எதிர்கொண்டனர். மகனின் வேள்வியில் சாம்பல் மிஞ்சியது. தந்தை அமர்ந்து கேட்ட இடத்திலிருந்து பாகவதம் கிடைத்தது. கொன்றவனின் தாய்க்காக அன்று ஒரு தாய் இரங்கினாளே, அந்த வரலாற்றை உலகம் அறிந்துகொண்டதும் அந்த நூலில்தான்.